எம்டன் தின்ற கரி

சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரின் கிழக்குப் பக்கம் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று அங்கே விழுந்ததைச் சொல்லும் கல். அந்த வழியே தினமும் போய்வருகிற பலரின் கண்ணில்கூட அது பட்டிருக்காது. ஆனால் அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது. யாருக்கும் பிடிகொடுக்காமல் காரியத்தை முடிக்கிற ஆளைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன் ஆச்சே" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில், கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி நின்று, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது எம்டன். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு விழுந்து சிலர் உயிரிழந்தார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு சென்னையை விட்டுக் கிளம்பினார்கள்.

அன்று கொழுந்துவிட்டு எரிந்த எண்ணெயில் ஒரு சொட்டுகூட எம்டனின் இயந்திரத்துக்கு உதவாது. அது கரிக்கப்பல். 12 கொதிகலன்கள், பன்னிரண்டுக்கும் நிலக்கரிதான் தீனி. எம்டனின் தந்திரத்தையும் அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லரின் கண்ணியத்தையும் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கப்பல் எங்கே போயிற்று, எதைப் பிடித்தது, எங்கே ஒளிந்தது, கடைசியில் எப்படி மாட்டியது என்பதையெல்லாம் அந்த 12 கொதிகலன்களின் பசியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சரி, கரி எப்படி ஒரு கப்பலைத் தள்ளுகிறது?

தண்ணீர் கொதித்து ஆவியானால் திறந்தவெளியில் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்துவைத்தால் அது சுவரைத் தள்ளும். வீட்டு குக்கர் விசில் அடிக்கிறபோது உள்ளே இருப்பது வெளிக்காற்றைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம்தான். போர்க்கப்பல் கொதிகலனில் பத்துப் பதினைந்து மடங்கு. இவ்வளவு அழுத்தத்தை ஒரே பெரிய அண்டாவில் வைத்திருப்பது ஆபத்து. அதனால் தண்ணீரை நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, குழாய்களைச் சுற்றி நெருப்பை வைத்தார்கள். குழாய் மெல்லியது, தண்ணீர் கொஞ்சம், அதனால் சூடு சீக்கிரம் ஏறும். எதிரியைக் கண்டதும் கிளம்ப வேண்டிய கப்பலுக்கு அது முக்கியம்.

இந்த நீராவியை என்ன செய்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, தெருமுனைக் கரும்புச்சாறு வண்டியைப் பார்த்தால் போதும். ஒரு தடவை உருளையில் விட்டு எடுத்த கரும்பைத் தூக்கி எறிய மாட்டார். மடக்கி இன்னொரு தடவை விடுவார், அப்புறம் இன்னும் ஒரு தடவை. எம்டனின் இரண்டு இயந்திரங்களும் நீராவியை அப்படித்தான் பிழிந்தன. கொதிகலனிலிருந்து வரும் ஆவி முதலில் சின்ன உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும். விரிந்து அழுத்தம் குறைந்த அதே ஆவி அடுத்ததாக ஒரு நடுத்தர உருளைக்குப் போகும், பிறகு பெரிய உருளைக்கு. அழுத்தம் குறையக் குறைய பிஸ்டனின் பரப்பு பெரிதாக இருந்தால்தான் தள்ளும் விசை குறையாது. உருளைகள் படிப்படியாகப் பெருத்துக்கொண்டே போனதற்குக் காரணம் அதுதான். மும்முறை விரிவு இயந்திரம் என்று இதற்குப் பெயர்.

பிழிந்து முடித்த ஆவியை ரயில் இன்ஜின் மாதிரி 'குப்குப்' என்று வெளியே விட்டுவிட முடியாது. கடலில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கடல்நீரைக் கொதிகலனில் ஊற்றினால் என்ன ஆகும் என்பது போர்வெல் தண்ணீரில் ஹீட்டர் போடுகிற நமக்குத் தெரியும். கம்பியைச் சுற்றி வெள்ளையாக உப்பு கட்டிக்கொள்ளும். கொதிகலன் குழாயில் அப்படிக் கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாய் பழுத்து வெடித்துவிடும். அதனால் ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப நீராக்கி, அதே நீரைக் கொதிகலனுக்கே அனுப்பினார்கள். குளிர்விக்க மட்டும் கடல்நீர். சுற்றிச் சுற்றி ஒரே தண்ணீர்தான்.

இவ்வளவு கவனமாகப் பிழிந்தும், கரியில் இருந்த வெப்பத்தில் நூற்றில் 15 பங்குக்கு மேல் கப்பலைத் தள்ள வராது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் கடல்நீரிலும் போய்விடும். உலைக்கு முன்னால் நிற்கிற மனிதனின் உடம்பிலும் கொஞ்சம் ஏறும்.

அந்த மனிதனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இந்தியப் பெருங்கடலின் வெயிலில் இரும்புக் கூட்டின் அடித்தளத்தில், வெற்றுடம்போடு மண்வாரி பிடித்து நின்றவர்கள் அவர்கள். பார்த்தால் வெறும் முரட்டு வேலை. ஆனால் விறகு அடுப்பில் சமைத்தவர்களைக் கேட்டால் அதிலுள்ள நுணுக்கத்தைச் சொல்வார்கள். ஒரேயடியாக விறகைத் திணித்தால் காற்று புகாது, புகைதான் வரும். விட்டுவிட்டால் அணைந்துபோகும். உலையிலும் அதே கதை. மெல்லிய படலமாக, எல்லா இடத்திலும் சமமாகக் கரியைப் பரப்ப வேண்டும். கதவு அதிக நேரம் திறந்திருந்தால் குளிர்காற்று புகுந்து அழுத்தம் இறங்கிவிடும். அதனால் திற, வீசு, மூடு. சாம்பல் உருகிக் கட்டியாகி, கரி எரிகிற கம்பித்தட்டை அடைத்தால் நீளக் கம்பியால் குத்தி உடைத்து வெளியே இழுக்க வேண்டும். இன்னொரு கூட்டம் கப்பலின் இரு பக்கச் சுவர்களை ஒட்டியிருந்த கரி அறைகளில் தூசுக்குள் குனிந்து நின்று கரியை அள்ளி உலைக்குக் கொண்டுவரும். பக்கவாட்டில் கரியை அடுக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் குண்டுக்கு அந்தக் கரி ஒரு கூடுதல் தடுப்பு.

இனி எண்களுக்கு வருவோம். எம்டனின் கரி அறைகள் அதிகபட்சம் கொண்டது 860 டன். 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் போனால், அந்தக் கரியில் 3,760 கடல் மைல் ஓடலாம். கணக்குப் போட்டால் 13 நாள். ஆனால் எம்டனின் முழு வேகம் 23.5 நாட். ஏறக்குறைய இரட்டிப்பு வேகம். அப்படியானால் கரியும் இரண்டு மடங்கு செலவாகும் என்று நினைக்கத் தோன்றும்.

இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நடந்து பாருங்கள். மெதுவாகப் போனால் சிரமமே இல்லை. ஓடிப் பாருங்கள், நாலு எட்டில் மூச்சு வாங்கும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. அந்த எதிர்ப்பை இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதால் திறன் எட்டு மடங்கு தேவை. விளக்கு, பம்பு என்று கப்பலின் மற்ற செலவுகள் மெதுவாகப் போகும்போதும் இருந்துகொண்டே இருக்கும், ஆகையால் கரிச் செலவு முழுசாக எட்டு மடங்கு ஆகாது. ஆனாலும் 13 நாள் தாங்குகிற கரி முழு வேகத்தில் மூன்று நாள் வந்தாலே பெரிது என்பது என் கணக்கு. சென்னையிலிருந்து பினாங்கு வரை விரட்டிக்கொண்டு போனால் திரும்பிவரக் கரி இருக்காது. வேகமான கப்பல்தான், ஆனால் அந்த வேகத்தைச் செலவழிக்கப் பயந்துகொண்டே வாழ வேண்டிய கப்பல்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஏடன், கொழும்பு, திருகோணமலை, பினாங்கு, சிங்கப்பூர் என்று வழிநெடுகக் கரி குவித்துவைத்த துறைமுகங்கள் அவர்களுக்கு இருந்தன. ஜெர்மனிக்கு இந்தப் பெருங்கடலில் அப்படி ஒரு துறைமுக வரிசை கிடையாது. 1914 ஆகஸ்டில் பசிபிக்கின் பாகன் தீவில் ஜெர்மன் கிழக்காசியப் படை கூடியபோது அதன் தளபதி கிராஃப் ஷ்பே போட்டதும் கரிக் கணக்குதான். முழுப் படையும் இந்தியப் பெருங்கடலுக்குப் போனால் தீனி கிடைக்காது. ஒரே ஒரு சின்னக் கப்பல் என்றால் பிடிக்கிற கப்பல்களின் கரியிலேயே பிழைத்துக்கொள்ளும். அப்படித்தான் எதிரிகளின் சரக்குக் கப்பல்களை வேட்டையாட எம்டன் தனியாகப் பிரிந்து வந்தது. கூடவே கரி சுமந்து வந்த துணைக்கப்பல் மார்கோமானியா. மூன்று புகைபோக்கி இருந்த எம்டனுக்குத் துணியும் மரமும் வைத்து நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கி கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் யார்மத் போலத் தெரியட்டும் என்று.

செப்டம்பர் 10-ஆம் தேதி வங்கக்கடலில் பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் கிடைத்தது. வயிறு நிறைய கல்கத்தாக் கரி. வரம்தான், ஆனால் அரை வரம். வங்காளக் கரியில் சாம்பல் அதிகம், எரிகிறபோது கருகருவென்று புகைக்கும். கரியிலிருந்து எளிதில் ஆவியாகும் பொருள்கள் முழுவதும் எரியாமல் வெளியேறுவதுதான் அந்தக் கரும்புகை. ஒளிந்து வாழும் கப்பலுக்கு, அடிவானத்துக்கு அப்பாலிருந்தும் தெரிகிற புகைத்தூண் என்பது தன் முகவரியைத் தானே எழுதிக் காட்டுவது போல. ஆகவே சில நாள் கழித்து கில்லின் என்ற கப்பல் அதே மாதிரிக் கரியோடு மாட்டியபோது முல்லர் அதை அப்படியே மூழ்கடித்துவிட்டார்.

அவர் காத்திருந்தது செப்டம்பர் 27-ஆம் தேதி மினிக்காய்க்கு அருகே வந்து சேர்ந்தது. ப்யூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல், 6,000 டன்னுக்கு மேல் வேல்ஸ் நாட்டுக் கரி. புகை குறைவு, சூடு அதிகம். உலகக் கடற்படைகளெல்லாம் ஆசைப்பட்ட கரி அது. பிரிட்டிஷ் கடற்படைக்கே போய்க்கொண்டிருந்த சரக்கு எம்டனுக்குச் சாப்பாடானது.

கரி கிடைத்தால் மட்டும் போதுமா? அதைக் கைமாற்ற வேண்டுமே. மாலத்தீவு, நிக்கோபார், சுமத்ரா பக்கத்துத் தீவுகள் என்று ஆள் நடமாட்டமில்லாத குடாக்களில் இரண்டு கப்பல்களையும் பக்கம் பக்கமாகக் கட்டிப்போடுவார்கள். அலை தூக்கும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். இடிதாங்க, மாலுமிகள் படுக்கும் தொங்குபடுக்கைகளைக்கூட நடுவே திணிப்பார்கள். அப்புறம் மூட்டை. 50 கிலோ மூட்டை என்று வைத்துக்கொண்டால், 500 டன் கரிக்கு 10,000 மூட்டை. அள்ளி, கட்டி, தூக்கி, இறக்கி, சரிவுக்குழாயில் கொட்டி, உள்ளே பரப்ப வேண்டும். அந்த வெப்பத்தில், பல்லிடுக்கெல்லாம் கரித்தூள். இடம் போதாமல் மேல்தளத்திலும் குவித்துக்கொள்வார்கள். இந்த நேரத்தில் எதிரி வந்தால் கதை முடிந்தது. கட்டை அவிழ்த்து, தளத்தைத் துப்புரவாக்கி, பீரங்கியைத் திருப்புவதற்குள் குண்டு விழ ஆரம்பித்துவிடும்.

அக்டோபரில் டியேகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். உலகப்போர் தொடங்கியதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. முல்லரும் சொல்லவில்லை. அங்கே செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கப்பலின் ஒரு பக்க அறைகளில் தண்ணீரை விட்டுச் சாய்த்து, மறுபக்கம் மேலே எழுந்த அடிப்பகுதியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டினார்கள். சொரசொரப்பான அடிப்பாகம் தண்ணீரைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவை மொத்தமும் கரிச் செலவு. ஒரு டன்கூட வீணாகக் கூடாது என்ற கவலை சுரண்டுகத்தி வரைக்கும் போயிருந்தது.

அக்டோபர் 12-ஆம் தேதி மார்கோமானியாவை பிரிட்டிஷ் கப்பல் ஒன்று மூழ்கடித்தது, பொன்டோபோரோஸையும் மீட்டது. மீட்ட கப்பலின் பெயர் யார்மத். எம்டன் யாரைப் போல வேடம் போட்டதோ, அதே கப்பல். இனி ப்யூரெஸ்க்கும், பிறகு பிடித்த எக்ஸ்ஃபோர்டு என்ற இன்னொரு கரி சுமந்த கப்பலும்தான் கதி. பினாங்குத் துறைமுகத்தில் அக்டோபர் 28 அதிகாலை புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலையும் வெளியே ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது இதற்குப் பிறகுதான்.

நவம்பர் 9 காலை, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள். அங்கிருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க 50 பேர் கரையிறங்கினார்கள். அந்த வேலை முடிந்ததும் அங்கேயே கரி ஏற்றலாம் என்று ப்யூரெஸ்க்கை வரச் சொல்லியிருந்தார் முல்லர். நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் "அந்நியக் கப்பல் வந்திருக்கிறது" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். சுமார் 50 கடல் மைல் தூரத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி போய்க்கொண்டிருந்தது எம்டனுக்குத் தெரியாது.

ஒன்பது மணி வாக்கில் அடிவானத்தில் புகை தெரிந்தது. ப்யூரெஸ்க் வருகிறது என்றே முதலில் நினைத்தார்கள். இரண்டு மாதமாகக் கரிக்காகவே அடிவானத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பென்ன? அது சிட்னி. டர்பைன் இயந்திரம், 25 நாட் வேகம், 45 கிலோ குண்டு வீசும் பீரங்கிகள். எம்டனின் குண்டு 17 கிலோ. கரையிறங்கிய 50 பேரை விட்டுவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று.

முதலில் குண்டு பட அடித்தது எம்டன்தான். அப்புறம் சிட்னி விலகி நின்று அடித்தது. எம்டனின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புகைபோக்கி என்பது வெறும் புகை போகும் வழியாக மட்டும் இருப்பதில்லை. அதன் உயரத்தில் மேலேறும் சூடான காற்றுதான் கீழே உலைக்குள் புதுக்காற்றை இழுக்கிறது. அது விழுந்தால் உலை மூச்சுத் திணறும், நீராவி இறங்கும், வேகம் குறையும். ஓடவும் முடியாமல், நெருங்கவும் முடியாமல் போன கப்பலை, பதினொன்றே கால் மணி வாக்கில் அதே தீவுக்கூட்டத்தின் வட கீலிங் தீவின் பவளப்பாறையில் முல்லர் ஏற்றினார். 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ப்யூரெஸ்க் வந்து சேர்ந்தது. சிட்னி அதைத் துரத்திப் பிடித்தது. ஆனால் அதிலிருந்த எம்டன் மாலுமிகள் அடிப்பக்க வால்வுகளை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த வேல்ஸ் கரியோடு கப்பல் மூழ்கியது.