துளியிலேயே தொடங்கும் கணக்கு

திருகோணமலை வெயிலுக்கு சர்பத் குடித்தவர்களுக்குக் கசகசா எனும் திருநீற்றுப்பச்சை விதையைத் தெரியும். நீரில் ஊறியதும் வழுவழுப்பான கண்ணாடிச் சட்டை போட்டுக்கொள்ளும். மைக்ரோஜெல்லும் இப்படி நீரைக் குடித்து உப்பும் பல்பகுதிய மணிதான்; சிறு மூலக்கூறுகள் தொடராகப் பிணைந்ததே பல்பகுதியம். ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவு. மருந்து சுமந்து இரத்தக் குழாய்க்குள் போகவேண்டிய மணி என்றால், கொஞ்சம் பருத்தாலும் வழியில் அடைத்துக்கொள்ளும்.

இன்னும் பிணையாத அந்தச் சிறு மூலக்கூறு, அதாவது ஒருபகுதியம், கரைந்த நீரை எண்ணெயில் விட்டுக் கலக்குவார்கள். நீர் துளிகளாக உடையும். ஒவ்வொரு துளிக்குள்ளும் மூலக்கூறுகள் பிணைந்து வலையாக இறுகும். துளிதான் அச்சு.

அந்தத் துளியை வீட்டிலேயே பார்க்கலாம். அரைப் போத்தல் தண்ணீரில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு மெதுவாகக் குலுக்குங்கள்: மிளகளவு துளிகள். பலமாகக் குலுக்கினால் கடுகளவு. வைத்த சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே படையாகிவிடும். அப்புறம் இரண்டு சொட்டு சவர்க்காரத் திரவம் விட்டுக் குலுக்குங்கள். பால்போல் வெளுத்து நெடுநேரம் பிரியாமல் நிற்கும். இங்கே எண்ணெய் துளியாகிறது, மைக்ரோஜெல்லில் நீர் துளியாகிறது; விசைகள் அவையேதான்.

கலக்கல் துளியைக் கிழிக்கப் பார்க்கும். மேற்பரப்பிழுவிசை உருட்டிப் பிடித்து வைக்கப் பார்க்கும். இந்த இழுபறியின் விகிதமே வெபர் எண். கொந்தளிப்பான ஓட்டத்தில் எவ்வளவு பெரிய துளி தாக்குப்பிடிக்கும் என்று 1955 இல் பாய்ம ஆய்வாளர் ஹின்ஸே கணக்கிட்டுக் காட்டினார். அந்த வழியில் போனால், கலக்கியின் வேகத்தை இரட்டித்தால் 100 மைக்ரோமீற்றர் துளி ஏறத்தாழ 44 ஆக இறங்கும்.

இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். விட்டம் பாதியானால் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்கு. அதைப் போர்த்தச் சவர்க்கார வகைப் பொருள் போதாவிட்டால் உடைந்த துளிகள் மறுபடி சேர்ந்துவிடும். வேகத்தைக் கூட்டிப் பலனில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்கவேண்டியது வேகத்தை அல்ல, அந்தப் பொருள் போதுமா என்பதைத்தான்.

சரி, இறுகிய மணியை எண்ணெயிலிருந்து எடுத்து நீரில் போட்டால்? மறுபடி உப்பும். வலையின் இழைகளைக் கட்டிவைக்கும் குறுக்குப் பிணைப்பு நெருக்கமென்றால் கொஞ்சம், ஐதென்றால் நிறைய. விட்டம் இரட்டித்தாலே கனவளவு எட்டு மடங்கு. பொலி என்-ஐசோபுரொப்பைலக்ரிலமைட் என்ற பல்பகுதியத்தாலான மணிகளோ சுமார் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் குடித்த நீரைக் கக்கிச் சுருங்கிவிடும். திருகோணமலைக்கு அருகே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இல்லை. அங்கே சூடான கிணற்றில் அள்ளிய வாளி நீருக்குள் இந்த மணிகள் கலந்த குப்பியை வைத்தால் பால்போல் வெளுக்கும். எடுத்து ஆறவிட்டால் வெண்மை குறையும். ஆனால் அதிகாலையில் போகவேண்டும். நண்பகலில் நம் வெயிலே அதை வெளுக்கவைத்துவிடும்.