பெரியப்பா வீட்டு பாக்கெட் வாட்ச், அதுல இருக்கிற வி.எஸ்.ஆர். யாரு?

காட்பாடியில பெரியப்பா வீட்டு ட்ரங்க் பெட்டியில ஒரு வெள்ளி பாக்கெட் வாட்ச் இருக்கு, யாரோடதுன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜைக்கு வெளிய வரும், பாட்டி இருந்தவரைக்கும் விபூதி போட்டு பளபளன்னு தேய்ப்பாங்க, பொட்டு வெச்சதும் திரும்ப பெட்டிக்குள்ள போயிடும். பின்மூடியில இங்கிலீஷ் எழுத்துல வி.எஸ்.ஆர்., கீழ எம்.எஸ்.எம்.ஆர். ஜலார்பேட், அப்புறம் ஒரு வருஷம். அந்த வருஷத்துல மூணாவது எண் மட்டும் தேஞ்சு போச்சு. "இன்னாடா சந்தேகம், 1902தான்"னு பெரியப்பா அடிச்சு சொல்வாரு.

பழைய வாட்ச்ல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, உள்ள ஓடுற மெஷின் ஒரு இடத்துல பொறந்தது, கேஸ், அதாவது வெளிக்கூடு, வேற இடம், பேரு வெட்டினது இன்னொரு இடம், இன்னொரு நாள். மூணையும் தனித்தனியா விசாரிக்கணும்.

மெஷின் அமெரிக்காவுல செஞ்ச வால்தம். அந்தக் கம்பெனி ஒவ்வொரு மெஷினுக்கும் சீரியல் நம்பர் போட்டுச்சு, எந்த நம்பர் எந்த வருஷம்னு பட்டியல் இருக்கு, பார்த்தா 1901 பக்கம் வருது. ஒண்ணு கவனிங்க, கேஸ்லயும் ஒரு நம்பர் இருக்கும், அதை வெச்சு தேடினா தப்பான வருஷம்தான் வரும்.

கேஸ் உள்பக்கம் பொடிப்பொடியா முத்திரைங்க. நங்கூரம்னா இங்கிலாந்து பர்மிங்காம்ல சோதிச்சது, நடக்கிற சிங்கம்னா 1000க்கு 925 பங்கு வெள்ளி, பக்கத்துல தனியா ஒரு எழுத்து இருந்தா அது சோதிச்ச வருஷம். 20, 25 வருஷத்துக்கு ஒருக்கா அதே எழுத்து திரும்ப வரும், ஆனா எழுத்தோட ஸ்டைலும் சுத்தியிருக்கிற கட்டத்தோட வடிவமும் மாறிடும், அதனால வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கணும். எங்களுது 1902. கூடவே ஏ.எல்.டி.ன்னு ஒரு குறி, அது ஏரன் டென்னிசன், வால்தம் கம்பெனி ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், பின்னாடி பர்மிங்காம் போய் கேஸ் செய்ய ஆரம்பிச்சவர். அமெரிக்க மெஷின் இங்கிலாந்து சட்டைக்குள்ள வந்தது இப்படித்தான்.

1902ன்னதும் பெரியப்பாவுக்கு சந்தோஷம் தாங்கல. ஆனா அது கேஸோட வருஷம், பேரு வெட்டின வருஷம் இல்ல. எம்.எஸ்.எம்.ஆர்.னா மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, அந்தக் கம்பெனியே 1908லதான் உருவாச்சு, 1951ல சதர்ன் ரயில்வேக்குள்ள போயிடுச்சு. அப்ப 1902ல அந்தப் பேரை யாரு வெட்ட முடியும்?

தேஞ்ச எண்ணைப் படிக்க செல்போன் டார்ச் போதும். நேரா அடிச்சா வெள்ளி கண்ணாடி மாதிரி கூசும், ஒண்ணும் தெரியாது. ரூமை இருட்டாக்கி, டார்ச்சை மூடியோட மட்டத்துக்கு கிட்டத்தட்ட படுக்க வெச்சு ஓரத்துல இருந்து அடிங்க, சாயங்கால வெயில்ல வயல் வரப்பு நிழல் நீளுமே அந்த மாதிரி முடி அளவு பள்ளத்துக்கும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் மினுக்கு வரும். டார்ச்சை சுத்தி சுத்தி நகர்த்தி ஒவ்வொரு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுக்கணும், ஏன்னா வெளிச்சம் வர்ற திசையிலயே ஓடுற கோடு நிழல் தராது, குறுக்க ஓடுறதுதான் தரும். எங்களுக்கு இடது பக்கம் அடிச்சப்பதான் நெட்டுக்குத்தா ஒரே ஒரு கோடு தெரிஞ்சது. 1912.

தேஞ்சதுக்குக் காரணம் அந்த விபூதிதான். கருக்கிறது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம், அதைத் தேய்ச்சு எடுக்கும்போது வெள்ளியும் கொஞ்சம் கூடவே போகுது, வருஷாவருஷம் எழுத்தோட விளிம்பு மழுங்குது. அழுத்தி அடிச்ச முத்திரைன்னா அடியில உலோகம் நசுங்கி இருக்கும், மேல தேஞ்சாலும் லேப்ல ஆசிட் வெச்சு வரவழைக்க வாய்ப்பு உண்டு. உளியில சீவின எழுத்துக்கு அந்த வாய்ப்பு ரொம்பக் கம்மி. தயவுசெஞ்சு யாரும் இனிமே தேய்க்காதீங்க, பள்ளத்துல இருக்கிற அந்தக் கருப்புதான் எழுத்தையே காட்டுது.

இனி வி.எஸ்.ஆர். யாருன்னு பார்க்கணும். வெள்ளைக்காரர்னா கடைசி எழுத்து குடும்பப் பேரு, அப்படின்னா லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கிற சர்ச் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுங்கள்ல தேடலாம். நம்ம ஆளுன்னா பெரும்பாலும் ஊரு, அப்பா, பேருங்கிற வரிசை. வி வேலூரா இருக்கலாம், வாணியம்பாடியா இருக்கலாம், ஆனா வாலாஜா இல்ல, ஏன்னா அதை இங்கிலீஷ்ல டபிள்யூ போட்டுதான் எழுதுவாங்க. தமிழ்ல மட்டும் யோசிச்சா இது பிடிபடாது.

இன்னொரு சிக்கல், 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்கு தலைநகர் சித்தூர், அப்புறம்தான் வேலூர். அதனால அவரு அப்பா காலத்துக்கு முன்னாடி போகணும்னா சித்தூரையும் சேர்த்துத் தேடணும், எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கு. ஊர்ப்பக்கம்னா எனக்கு நம்பிக்கை கோயில் உபயக் கல்லு மேலதான், அதுல பேரோட ஊரும் உத்தியோகமும் சேர்த்தே வெட்டியிருப்பாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை டார்ச்சோட ஜோலார்பேட்டையில ஆரம்பிக்கிறேன், பெரியப்பாவும் வரேன்னுட்டாரு.