வெட்டப்பட்ட காட்சியின் பாட்டு மட்டும் எப்படிப் பிழைத்தது?

1939-இல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் டோரத்தியாக நடித்தபோது ஜூடி கார்லண்டுக்கு வயது 16. அவளும் மூன்று தோழர்களும் பேய்க்காட்டில் ஒரு பூச்சியிடம் மாட்டிக்கொண்டு, நிறுத்த முடியாமல் ஆடும் 'ஜிட்டர்பக்' பாடல் காட்சி பல வாரங்கள் உழைத்து எடுக்கப்பட்டது. படத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்ததால், முன்னோட்டத் திரையிடலுக்குப் பிறகு அது நீக்கப்பட்டது. அந்தப் பாடலை இன்றும் கேட்க முடிகிறது. ஆனால் கேமரா பதிவு செய்த காட்சி இதுவரை கிடைக்கவில்லை. ஒரே காட்சியின் ஒலி பிழைத்து ஒளி அழிந்ததற்குக் காரணம், அக்காலத்தில் இரண்டும் வெவ்வேறு பிலிம்களில் பிறந்ததுதான்.

பாடல் முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகும். மைக் தரும் மின் அலைக்கு ஏற்ப ஒரு ஒளிக்கீற்று அசைந்து, ஓடிக்கொண்டிருக்கும் பிலிமில் ஒலித்தடமாகப் படியும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, நடிகர்கள் வாயசைப்பார்கள். ஆகவே எடிட்டர் காட்சியை வெட்டி எறிந்தாலும், இசைப்பதிவு தனியொரு பொருளாக வேறிடத்தில் இருக்கும்.

படத்தின் கதை வேறு. வண்ணப்படம் எடுக்கும் டெக்னிகலர் கேமராவுக்குள் லென்ஸைத் தாண்டிய ஒளியை ஒரு பட்டகம் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குரிய பதிவுகளை மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் ஒரே நேரத்தில் விழச் செய்யும். ஒளி இப்படிப் பங்குபோடப்படுவதால் அரங்கில் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள் தேவைப்பட்டன. அந்த வெப்பத்தில்தான் அந்தச் சிறுமி ஆடினாள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவதால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, மூன்று நெகட்டிவ்களுக்குமாக 270 அடி. தேர்வாகாத டேக்குகளையும் சேர்த்தால், சில நிமிடக் காட்சியே பெட்டி பெட்டியாகக் குவியும்.

எடிட்டர் நெகட்டிவைத் தொடுவதில்லை. அதிலிருந்து எடுத்த பிரிண்டில்தான் வெட்டுவார். பிலிமின் ஓரத்தில் அடிக்கொன்றாக அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து, மூன்று நெகட்டிவ்களையும் அதே சட்டத்தில் வேறொருவர் வெட்டி ஒட்டுவார். எண் பட்டியலில் இடம்பெறாத துண்டுகள் அத்துடன் அநாதையாகிவிடும்.

அந்த அநாதைகளை வைத்திருப்பதும் ஆபத்து. அன்றைய பிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் நைட்ரேட், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. தீப்பிடித்தால் நீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாமல் எரியும். எரியாவிட்டாலும் மெல்லச் சிதைந்து, வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, பக்கத்துச் சுருளையும் அரிக்கும். படம் வெளிவந்த பின் பயனற்றதாகத் தோன்றிய துண்டுகளுக்காகப் பாதுகாப்பறையில் இடம் ஒதுக்க, அன்றைய ஸ்டூடியோக்களுக்குக் காரணம் இருக்கவில்லை. பழைய பிலிமிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்கவும் முடிந்தது.

ஆயினும் ஒரு நிழல் மிஞ்சியது. பாடலுக்கு இசையமைத்த ஹெரால்டு ஆர்லன், ஒத்திகையைத் தம் சொந்தக் கேமராவில் ஒலியின்றிப் பிடித்து வைத்திருந்தார். பிற்காலத்தில் அந்தப் படத்துண்டுகளோடு பாடலை இணைத்துப் பார்க்க முடிந்தது. வைக்கோல் பொம்மையாக நடித்த ரே போல்ஜரின் நீக்கப்பட்ட நடனமோ காட்சியாகவே கிடைத்து 1985-இல் திரைக்கு வந்தது. சூனியக்காரியின் கோட்டையில் அடைபட்ட டோரத்தி 'ஓவர் தி ரெயின்போ' பாடலை மீண்டும் பாடும் காட்சிக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஒலியில் மட்டும் அவள் குரல் அழுகையில் உடைகிறது. முகத்தை நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

வெளிவந்த படத்திலும் ஜிட்டர்பக்கின் தடம் ஒன்று இருக்கிறது. டோரத்தியைப் பிடிக்கப் பறக்கும் குரங்குகளை ஏவும் சூனியக்காரி, டோரத்தி குழுவினரின் எதிர்ப்பை அடக்க ஒரு சிறு பூச்சியை முன்னதாகவே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறாள். அடுத்து வருவது குரங்குகள்தாம். பூச்சி வருவதேயில்லை.