வலிப்பும் மின்வலிப்பும்

வலிப்பு என்றால் இழுப்பு. 'வலித்தல்' என்பதற்கு இழுத்தல் என்பது பழைய பொருள். துடுப்பு வலிப்பது என்கிறோமே, அதே வினைதான். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களுக்குக் கயிறு இழுப்பதும் வலிப்பதுதான், பீடி இழுப்பதும் வலிப்பதுதான். கை கால் தசைகள் நம் பேச்சைக் கேட்காமல் சுருங்கி இழுபடுவதால் நோய்க்கும் அந்தப் பெயர் வந்தது. நோவு என்ற பொருளில் வலியை இங்கே தேட வேண்டாம். உடல் முழுக்க வலிப்பு வரும்போது ஆளுக்கு நினைவே இருக்காது.

கால்கை வலிப்பு என்பதுதான் பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். காகத்தின் மீது வீண்பழி! அதைவிடப் பழைய பெயர் முயலகன். கொல்லி மழவன் மகளுக்கு இருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நடராசர் காலடியில் கிடக்கும் குள்ளனுக்கும் அதே பெயர். இன்று ஊட்டியிலோ குன்னூரிலோ யாரும் முயலகன் என்பதில்லை, 'ஃபிட்ஸ்' என்கிறார்கள்.

மூளை நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல் மின்குறிகளை அனுப்புவதுதான் வலிப்பு. எல்லா வலிப்பிலும் உடல் துடிப்பதில்லை. வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கும் வலிப்பு வந்திருக்கலாம். துடிக்கிற வலிப்பு வந்தால், இழுக்கிறதே என்று கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சாவிக்கொத்தும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர நிலை. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் அதுவரைகூடக் காத்திராமல் 108-ஐ அழைத்துவிடுவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகள் ஆம்புலன்ஸுக்கும் உண்டு.

இந்த வலிப்பையே மருந்தாக்கிப் பார்த்தவர் ஹங்கேரி மனநல மருத்துவர் லாடிஸ்லாஸ் மெடூனா. மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரினியா) வலிப்பும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது தங்காது என்று நம்பினார். 1934-இல் புடாபெஸ்ட்டில் மனச்சிதைவு நோயாளிகளுக்கு எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியில் ஏற்றி வலிப்பை வரவழைத்தார். பகை என்ற கருத்து பின்னால் பொய்த்தது. ஆனால் சில நோயாளிகள் தேறியது உண்மை.

கற்பூரம் என்றதும் நீலகிரிக்காரர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். யூகலிப்டஸை இங்கே கற்பூர மரம் என்றுதான் சொல்வோம். பூஜைக் கற்பூரம் வேறு மரத்துச் சரக்கு. நம் தைலத்தில் இருப்பது பெரும்பாலும் சினியோல் என்ற வேதிப்பொருள். சருகை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து கொப்பரையில் வேகவைத்து, ஆவியைக் குளிர்வித்து இறக்குகிறார்கள். சளிக்கு நாலு சொட்டு என்று வீட்டுக்கு வீடு பாட்டில் இருக்கும். ஆனால் கற்பூரம், நீலகிரித் தைலம் இரண்டுமே வலிப்பைக் கிளப்பக் கூடியவை. இப்படி வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். குழந்தை சில மில்லி விழுங்கினாலே ஆபத்து. பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சரி, மின்சாரம் எப்போது வந்தது? கற்பூரம் ஏற்றினால் வலிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். அடுத்து வந்த கார்டியசோல் ஊசி வேகமானது, ஆனால் நினைவு தப்பும் முன் நோயாளிக்குச் சொல்லமுடியாத பயம் வரும். 1938-இல் ரோமில் ஊகோ செர்லெட்டி, லூசியோ பீனி என்ற இரு மருத்துவர்கள் மின்சாரத்தால் வலிப்பை வரவழைத்தார்கள். அதைத்தான் 'ஷாக் ட்ரீட்மெண்ட்', 'கரண்ட் வைக்கிறது' என்கிறோம். பத்திரிகைகள் மின்னதிர்ச்சிச் சிகிச்சை என்று எழுதுகின்றன.

'அதிர்ச்சி' இங்கே பொருந்தாது என்பது என் கட்சி. மின்சாரம் பாய்வது சில நொடிதான். குணம் தருவது அதனால் மூளையில் எழும் வலிப்பு. வலிப்பு எழாவிட்டால் அந்தத் தடவை பலிக்கவில்லை என்றே கணக்கு. இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள், அதனால் உடல் துள்ளுவதில்லை. தசை மருந்து ஏற்றும் முன் ஒரு கணுக்காலுக்கு மேல் பி.பி. பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவார்கள். மருந்து எட்டாத அந்தப் பாதம் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். மருத்துவர் அதைப் பார்த்து நொடிகளை எண்ணுவார். மயக்க மருந்தும் தசை மருந்தும் இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. கடும் மனச்சோர்வுக்கு நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இது. நினைவில் சில நாள்கள் விடுபட்டுப் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே மின்வலிப்புச் சிகிச்சை என்பதே சரியான சொல். மெடூனாவுடையதைக் கற்பூர வலிப்பு என்றே சொல்லலாம். இப்போது காந்தப்புலத்தால் வலிப்பை எழுப்பும் முறையும் ஆய்வில் இருக்கிறது. அதைக் காந்தவலிப்பு என்றால் சொல்லும்போதே விளங்கிவிடும், காந்த அதிர்ச்சி என்றால் யாருக்கு என்ன புரியும்?