கப்பலில் நலோக்சோன் எங்கே இருக்க வேண்டும்?

அமெரிக்கக் கடற்படையின் ஆர்லீ பர்க் வகை டிஸ்ட்ராயர் போர்க்கப்பல் ஒன்றில் ஏறத்தாழ 300 பேர் இருப்பார்கள். வழக்கமாக அதில் டாக்டர் கிடையாது. தனியாகச் சிகிச்சை தரப் பயிற்சி பெற்ற மூத்த மருத்துவப் பணியாளர் ஒருவரும், அவருக்கு உதவியாகச் சிலரும்தான். இப்படி ஒரு கப்பலில், வலி மாத்திரை என்று நம்பி வாங்கிய போலி மாத்திரையை ஒரு மாலுமி விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஃபெண்டனில் என்ற வலிநீக்கி மருந்து இருந்தால் சில நிமிடங்களில் அவர் மூச்சு நின்றுபோகலாம். ஃபெண்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கப் போதும் என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை. அப்படி நிற்கும் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மாற்று மருந்துதான் மூக்கில் தெளிக்கும் நலோக்சோன்.

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. 2017 முதல் 2021 வரை அமெரிக்கப் படைகளில் 332 பேர் போதைமருந்து அளவு மீறியதால் இறந்ததாக அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொல்லியிருக்கிறது.

மூச்சு ஏன் நிற்கிறது? நாம் தூங்கும்போதும் மூச்சு விடுவதற்குக் காரணம் மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, 'மூச்சை இழு' என்ற உந்துதல் அங்கே கூடும். ஃபெண்டனில், மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கு ஓபியாய்டு என்று பெயர். அவை வந்து ஒட்டும் இடங்களான, மியூ எனப்படும் ஓபியாய்டு ஏற்பிகள் அந்த நரம்புகளின் மேல் இருக்கின்றன. ஃபெண்டனில் அந்த ஏற்பிகளில் போய் ஒட்டியதும் நரம்புகள் மந்தமாகிவிடுகின்றன. கரியமில வாயு எவ்வளவு ஏறினாலும் உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. மூச்சு மெதுவாகி, ஆழம் குறைந்து, கடைசியில் நின்றேவிடும். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனாலே மூளை பழுதாகத் தொடங்கும்.

நலோக்சோன் போய் ஒட்டுவதும் அதே ஏற்பியில்தான். ஓபியாய்டு மூலக்கூறு ஏற்பியில் நிரந்தரமாக இருப்பதில்லை, விலகுவதும் மறுபடி ஒட்டுவதுமாக இருக்கும். ஏற்பியை ஒரு நாற்காலி என்று வைத்துக்கொண்டால், ஓபியாய்டு அதை விட்டு எழுந்த நொடியில் நலோக்சோன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்து எதுவும் செய்வதில்லை. நரம்பை மந்தப்படுத்தும் கட்டளை நின்றுபோவதால் மூச்சு திரும்புகிறது. மூக்கில் அடித்த இரண்டு மூன்று நிமிடத்தில் இது நடக்கும். நடக்காவிட்டால் அடுத்த டோஸ். உடலில் ஓபியாய்டே இல்லாதவருக்குத் தவறுதலாகக் கொடுத்துவிட்டாலும் பெரும்பாலும் ஒரு பாதிப்பும் வராது. அதனால் கொடுப்பவர் மருத்துவராக இருக்கத் தேவையில்லை. 4 மில்லிகிராம் மூக்குத் தெளிப்பானை மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் இதனால்தான்.

சரி, கப்பல் மருத்துவ அறையில் இரண்டு பெட்டி வாங்கி வைத்தால் முடிந்ததா? இல்லை. சம்பவம் நடக்கும் இடம் தூங்கும் அறை. மூன்றடுக்குப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் திரை. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடப்பது வெளியே தெரியாது. கண்டுபிடித்தவர் செங்குத்தான ஏணிகளில் ஏறி மருத்துவ அறைக்கு ஓடி, அலமாரியின் பூட்டைத் திறக்கச் சொல்லி, திரும்பி வருவதற்குள் அந்த நான்கு நிமிடம் போய்விடும். மருந்து இருந்தும் இல்லாததற்குச் சமம். தீயணைப்பான் போல ஒவ்வொரு தூங்கும் அறையிலும் அது சுவரில் இருக்க வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய மருந்துதான், இயந்திர அறைச் சூட்டுக்குத் தள்ளி வைத்தால் போதும். நலோக்சோனின் வணிகப் பெயர்களில் ஒன்றான நார்கன் தெளிப்பானின் ஆயுளை 2024-ல் நான்கு ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் கடலுக்கே உரியது. நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். அது வெளியேறிய பிறகும் உடலில் ஓபியாய்டு மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி அடங்கும். ஊருக்குள் என்றால் அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிடும். நடுக்கடலிலோ, ஹெலிகாப்டர் எட்டாத தூரமாக இருக்கலாம், வானிலை விடாமல் இருக்கலாம். ஆகவே கையிருப்பு எத்தனை பேருக்கு என்பதோடு, ஒருவரையே எத்தனை மணி நேரம் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றும் கணக்கிட வேண்டும். கூடவே ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை, கண் கொட்டாமல் பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

போதைப்பொருள் கடத்தும் படகுகளைச் சோதனையிடும் கடலோரக் காவல் வீரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபெண்டனில் தூள் கையில் பட்டதாலேயே யாரும் மூச்சடைத்து விழுவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. அமெரிக்க மருத்துவ நச்சியல் வல்லுநர்கள் 2017-லேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டார்கள். அந்தப் பயத்தில், விழுந்து கிடப்பவரைத் தொடத் தயங்குவதுதான் நிஜமான ஆபத்து.

இன்னொரு பயமும் உண்டு, தண்டனை பற்றிய பயம். 1981-ல் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிலர் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. அதன்பின் கடற்படை போதைப்பொருள் விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. போர்க்கப்பலில் அந்தக் கண்டிப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நண்பனின் வேலை போய்விடுமே என்று பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தாலும் மூளை அதைத் தாங்காது. தெளிப்பானை எடுத்துக் கொடுத்தவர்மீது அதற்காக எந்த நடவடிக்கையும் வராது என்று, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கேப்டன் எல்லோருக்கும் அறிவித்துவிட வேண்டும்.