விதான சௌதா: மேற்கட்டியா, சட்டமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா, பெங்களூருக்குப் போய் வந்த படங்களைக் காட்டுகையில், பெரிய கல் மாளிகை ஒன்றின் மீது விரலை வைத்து, "இதுதான் விதான சௌதாவாம். விதானம்னா கோயில்ல சாமிக்கு மேல கட்டுற துணிதானே தம்பி, அத ஏன் இதுக்குப் பேரா வெச்சாங்க?" என்று கேட்டார். அது கர்நாடகச் சட்டமன்றம் கூடும் கட்டடம். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு எழ வேண்டிய நியாயமான ஐயம்தான்.

இரண்டும் வெவ்வேறு சொற்கள். நாம் கோயிலில் காணும் விதானம், விரித்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்து மேற்கட்டியைக் குறிப்பது. சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி திருமணப் பந்தலிலேயே நீல விதானம் உண்டு. கன்னடர் சொல்லும் விதானமோ, வைத்தல், வகுத்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரின் கிளை. 'விதி' பிறந்ததும் அதிலிருந்துதான்; இங்கே அது சட்டம் இயற்றுவதைக் குறிக்கிறது. கன்னட எழுத்தில் இவ்விரண்டின் தகரமும் வேறு வேறாக இருக்க, நம் எழுத்தில் ஒரே தகரம் இரண்டையும் சுமப்பதால் சட்டம் துணியாகத் தோன்றிவிடுகிறது.

சௌதா என்பதன் உள்ளே இருப்பது நமக்கு நன்கு பழகிய சுதை. சுண்ணச்சாந்து பூசிய மாளிகையே சௌதம். எங்கள் ஊர்க் கோயில் கோபுர வேலையின்போது, சிற்பி கரணையில் சாந்தை அள்ளி, துவாரபாலகரின் மீசையை விரல் நுனியால் முறுக்கிவிட்டதை நின்று பார்த்திருக்கிறேன்; அந்தச் சுதைதான் இது. ஆனால் 1951இல் நேரு அடிக்கல் நாட்டி, கெங்கல் அனுமந்தையா முதலமைச்சராக இருந்து முனைந்து எழுப்பி, 1956இல் நிறைவுற்ற அந்த மாளிகை கருங்கல்லால் ஆனது. சுதை பெயரில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஆகவே, கட்டடத்தைச் 'சட்டமன்ற மாளிகை' என்பதே பொருந்தும். அதனுள் கூடும் விதான சபா, 224 உறுப்பினர் கொண்ட சட்டப்பேரவை. விதான பரிஷத், 75 உறுப்பினர் கொண்ட சட்ட மேலவை. பரிஷத் என்றால் சுற்றி அமர்ந்தோர் கூட்டம் என்று பொருள். 'மேல்' என்று நாம் சொல்வதால் அதிகாரமும் மேலானது என்று கொள்ளலாகாது. பண மசோதாவை அது 14 நாளுக்குமேல் நிறுத்தி வைக்க இயலாது, மற்ற மசோதாக்களையும் தாமதப்படுத்தலாமே தவிரத் தடுத்துவிட முடியாது.

இங்கேதான் நம் பழக்கம் நம்மை வழுக்கிவிடுகிறது. மலேசியாவில் மக்களவை, மேலவை என இரண்டு அவை நாடாளுமன்றத்தில் மட்டுமே உண்டு. மாநிலங்களில் ஓர் அவைதான். ஈப்போவில் கூடும் 59 பேர் கொண்ட எங்கள் பேராக் மாநில அவையைச் சட்டமன்றம் என்றாலே போதும். அதே வாயால் கர்நாடகப் பேரவையை மட்டும் சட்டமன்றம் என்றால் மேலவை விடுபட்டுப்போகும். அங்கே சட்டமன்றம் என்பது இரண்டு அவைகளையும் ஆளுநரையும் சேர்த்த முழு அமைப்பு.

அக்கா படத்தின் கீழே 'கர்நாடகச் சட்டமன்ற மாளிகை' என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.