வில் ஊன்றிய இடத்தில் ஒரு வில்லை

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். தங்கச்சிமடத்தில் கடலுக்குள் ஒரு நடைபாலம், அதன் முடிவில் ஒரு கிணறு. வில்லூண்டித் தீர்த்தம் என்றார்கள். சுற்றிலும் கடல். வாளி விட்டு இறைத்து வாயில் வைத்தால் உப்பே இல்லை. ராமர் மகிமை என்கிறார் என் மாமனார். அடியில் பைப் போட்டிருப்பார்கள் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?"

இரண்டு பேரும் தோற்றார்கள். ஆனால் மகனைவிட மாமனார் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். ராமேஸ்வரம் தீவு சுமார் 60 சதுர கிலோமீட்டர். ராமேஸ்வரம் நகராட்சி, பாம்பன் ஊராட்சி, தங்கச்சிமடம் ஊராட்சி என்று மூன்று உள்ளாட்சிகள் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியில் மட்டும் 44,856 பேர். கடையர், பரவர், வலையர், முஸ்லிம் மீனவர் என்று கடலை நம்பிப் பல சமூகங்கள். ராமநாதசுவாமி கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்யும் மராட்டிய வழிக் குருக்கள்மார். தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டில் சந்தியாகப்பர் ஆலயம். பள்ளிவாசல் தெருவில் 1931-இல் பிறந்த ஒரு பையன் குடியரசுத் தலைவரான கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பேரும், தினம் வந்து இறங்கும் யாத்திரிகர் கூட்டமும் இருக்கிற தீவில் ஒரு ஆறு கிடையாது. மலை என்று பெயருக்கு இருக்கும் கந்தமாதன பர்வதமும் ஒரு மணல்மேடுதான். திருச்சிப் பக்கத்துக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்து சேர்ந்ததெல்லாம் சமீபத்திய கதை. அதற்கு முன்னால் எத்தனையோ நூற்றாண்டுகள் இந்த மணல்திட்டில் ஜனங்கள் எதைக் குடித்தார்கள்?

மழையைத்தான். ஆண்டுக்கு எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டர் பெய்கிறது, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். சில சமயம் வானம் கணக்கில்லாமல் கொட்டிவிடும். 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து தெருவெல்லாம் குளமானது. பெய்ததில் கொஞ்சம் கடலுக்கு ஓடும், கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் மணலுக்குள் இறங்கும்.

மணலுக்குள் இறங்கிய தண்ணீர் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தீவின் அடியில் உள்ள மணலும் கடலோடு தொடர்புள்ளதுதானே? பக்கவாட்டிலிருந்து கடல்நீர் ஊறி உள்ளே வந்திருக்க வேண்டும். வந்தும் இருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். ஆனால் மேலே விழுந்த மழைநீர் அதோடு கலந்து வீணாவதில்லை. அதன் மேல் மிதக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் சமையலறைக்குப் போங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள், அதுதான் ஏறக்குறைய கடல்நீர். அடையாளத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். கண்ணாடித் தம்ளரில் பாதி ஊற்றிவிட்டு, அதன் மேல் ஒரு கரண்டியின் முதுகில் பட்டு வழிகிற மாதிரி நல்ல தண்ணீரை மெதுவாக விடுங்கள். கோடு கிழித்தாற்போல இரண்டும் தனித்தனியாக நிற்கும். ஒரு கலக்குக் கலக்கினால் ஆட்டம் முடிந்தது. மணலுக்கு அடியில் அந்தக் கலக்கும் கரண்டி இல்லை. மணல்துகள்களின் இடுக்கில் நிலத்தடி நீர் ஒரு நாளைக்கு ஒரு சாண் நகர்ந்தாலே அதிகம். அலையும் சுழலும் அங்கே எட்டாது. பாக் நீரிணையில் பெரிய ஓதமும், அதாவது கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கமும், கிடையாது என்பதால் கரையோரத்தில் ஏறி இறங்கிக் கலப்பதும் குறைவு.

சரி, மிதக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு? இங்கேதான் அந்த அழகான கணக்கு வருகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். நாற்பதில் ஒரு பங்கு கூடுதல். அதாவது 40 மீட்டர் உயரக் கடல்நீர்த் தூணும் 41 மீட்டர் உயர நன்னீர்த் தூணும் ஒரே எடை. தராசின் ஒரு தட்டில் கடலையும் மறு தட்டில் தீவின் மழைநீரையும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு சமமாக நிற்க வேண்டுமானால் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டரும் மேலே 1 மீட்டரும் நன்னீர் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அழுத்தப் பாடம்தான், வேறொன்றும் இல்லை. தீவின் நடுவில் ஒரு கிணற்றின் நீர்மட்டம் கடலைவிட வெறும் 30 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் போதும், அதன் அடியில் 12 மீட்டருக்கு நல்ல தண்ணீர் உப்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முழங்கால் உயரம்கூட இல்லாத மேடு, கீழே மூன்றுமாடிக் கட்டடம்!

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாடோன் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளர் இதை எழுதினார். 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர், வடகடலில் உள்ள நோர்டர்னை தீவில் கிணறு தோண்டும்போது தாமாகவே கண்டுபிடித்தார். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். ஒரு மண்வெட்டி இருந்தால் நம் ஊர்க்காரர் யாரும் கண்டுபிடித்திருக்கக்கூடியது என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

இந்த நன்னீரின் வடிவத்தைப் பாருங்கள். நடுத்தீவில் தடிமன் அதிகம், கரையை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். மேலே லேசாகப் புடைத்து, கீழே நன்றாகப் புடைத்து, மூக்குக்கண்ணாடி வில்லை மாதிரி. பெயரும் அதுதான், நன்னீர் வில்லை.

வில்லை என்றதும் அது அசையாமல் கிடக்கும் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். மேலே மழை ஊற்ற ஊற்ற, அந்தச் சின்ன மேட்டின் சரிவில் தண்ணீர் நான்கு பக்கமும் கரையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அடியில் உப்பு விடாது, ஆகவே கரையோரத்தில் மெலிந்துபோன அந்த விளிம்பு வழியாகத்தான் அத்தனையும் வெளியேறியாக வேண்டும். பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கினால் வாய் வழியாகப் பிதுங்குவதுபோல. நல்ல தண்ணீர் பிதுங்கும் இடம் கரை விளிம்பை ஒட்டி இருக்கும், பல இடங்களில் அதையும் தாண்டிக் கடலுக்கு அடியிலேயே இருக்கும்.

இப்போது வில்லூண்டித் தீர்த்தத்துக்கு வாருங்கள். கரையிலிருந்து அதிக தூரமில்லை, கவனித்திருப்பீர்கள். வில்லை பிதுங்கும் அந்த விளிம்பில் ஒரு உறை இறக்கிக் கடலைத் தள்ளி நிறுத்தினால், உள்ளே ஊறி நிற்பது தீவின் மழை. பைப்புக்கு வேலை இல்லை. அதற்கு முதலில் யாரோ ஒருவர் கரையோரத்தில் ஒரு குச்சியை ஊன்றிப் பார்த்து, ஊறியதை நக்கிப் பார்த்து, ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சீதைக்குத் தாகம் எடுத்தது, ராமர் வில்லை ஊன்றினார், தண்ணீர் வந்தது. 'வில் ஊன்றி' மருவித்தான் வில்லூண்டி. 'வில்' என்பதை எடுத்துவிட்டுக் 'குச்சி' என்று வைத்துப் படித்தால் அது அப்படியே ஒரு கள ஆய்வுக் குறிப்பு. மாமனார் பக்கத்தில் வந்துவிட்டார் என்று நான் சொன்னது இதனால்தான். இன்னொன்று: நடுத்தீவில் விழுந்த ஒரு துளி சாண் சாணாக ஊர்ந்து கரை சேர எத்தனையோ வருடம் ஆகும். உங்கள் பையன் வாளியில் இறைத்தது அவன் பிறப்பதற்கு முன் பெய்த மழையாகவும் இருக்கலாம்.

கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி என்பதை 'விஞ்ஞானிகளே விடை தெரியாமல் திகைக்கும் அதிசயம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எந்த விஞ்ஞானி திகைத்தார் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. சில கிணறுகள் ஆழம், சில மேலோட்டம், சில குளங்கள். சிலவற்றில் காலை முதல் வாளி ஓய்வதே இல்லை. வில்லையின் அடிப்பக்கத்தில் உப்பும் நன்னீரும் கலந்த ஒரு இடைப்பட்ட அடுக்கு உண்டு. ஒரு கிணற்றின் அடி அதற்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து, பத்தடி தள்ளியுள்ள இரண்டு கிணறுகள்கூட வெவ்வேறு அளவு கரிக்கலாம். எனக்கு இந்த விளக்கம் அந்த அதிசயத்தைவிட அதிசயமாகப் படுகிறது. தீர்த்தமாட வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆடும்போது காலுக்கடியில் என்ன மிதக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் பாவம் ஒன்றும் கூடிவிடாது.

இந்த வில்லையை உண்மையில் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் தனுஷ்கோடிப் பக்கத்துப் பெண்கள். மணலில் கையாலேயே குழி பறிக்கிறார்கள். ஊற்று என்பார்கள். ஊறி வருவதைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு குடம் நிறைய நேரமாகும். ஏன் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் என்ன என்று சுற்றுலாப் பயணிக்குத் தோன்றும். தோண்டினால் கரிக்கும். தீவு அகலமாக இருந்தால் வில்லை தடிமன், தீவு ஒடுங்கினால் வில்லையும் மெலியும். இரு கடல்களுக்கு நடுவே வால்போல் நீளும் தனுஷ்கோடி மணலில் அது மிக மெல்லிய ஏடு. பாலில் ஆடையை மட்டும் எடுப்பதுபோல எடுத்தால்தான் கிடைக்கும். அதே காரணத்தால் அகலமான தங்கச்சிமடத்தில் நிலைமை வேறு. அங்கே மல்லிகைப் பதியன் போட்டு வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மதுரை மல்லி என்று நாம் தலையில் வைக்கும் பூவின் செடிகளில் கணிசமானவை இந்தத் தீவு மணலில் வேர் பிடித்தவை. உப்புக்கு ஆகாத செடி, கடலுக்கு நடுவில் நாற்றங்கால்.

இவ்வளவு அழகான ஏற்பாடு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல், பாம்பனிலிருந்து போன ரயிலை 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் இழுத்தது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவிக்கப்பட்டது. உயிர்ச்சேதம் பற்றி நிறையப் பேசுகிறோம், மணலுக்குள் நடப்பதைப் பேசுவதில்லை. கடல் தரையின் மேல் ஏறி ஓடினால் கனமான உப்புநீர் மேலிருந்து கீழே வில்லையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதைக் கழுவ அடுத்தடுத்த மழைக்காலங்கள் வர வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரக் கிணறுகளில் பார்த்ததும் இதைத்தான்.

புயல் எப்போதோ வரும். மோட்டார் தினம் ஓடுகிறது. 40-க்கு 1 என்ற கணக்கு நம் பக்கம் வேலை செய்யும்போது இனிக்கிறது, எதிர்ப்பக்கம் திரும்பும்போது சுடுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் நிரந்தரமாக இறக்கினால், அடியில் உப்பு 4 மீட்டர் ஏறி வரும். மோட்டாருக்கு நேர் கீழே கூம்பு மாதிரி எழும்பி வரும், குழாயின் வாயைத் தொட்டதும் ஒருநாள் காலையில் தண்ணீர் கரிக்கும். உடனே மோட்டாரை நிறுத்தினாலும் கூம்பு வந்த வேகத்தில் இறங்காது. விடுதிக்காரர் என்ன செய்வார்? இன்னும் ஆழமாகப் போடச் சொல்வார். அதைவிட மோசமான யோசனை இல்லை. இந்தத் தீவில் ஆழம் என்பது உப்பின் திசை. அகலமான, ஆழமில்லாத கிணறுகள் பலவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் வழி, அதாவது சிரட்டைக்காரப் பெண்களின் வழி. கழிவறைத் தொட்டிகளும் இதே மெல்லிய வில்லைக்குள்தான் கசிகின்றன என்பதைச் சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்களுக்காக விரித்துச் சொல்லாமல் விடுகிறேன்.

என் புகார் ஒன்றுதான். நிலவுக்கு விண்கலம் அனுப்புவதைக் கைதட்டி வரவேற்கிறவன் நான். அதோடு, மூன்று உள்ளாட்சியிலும் வார்டுக்கு ஒன்றாகச் சும்மா கிடக்கும் பழைய கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்கும் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டு, அந்த எண்ணை ஊராட்சி அலுவலகப் பலகையில் வாரம் ஒருமுறை எழுதிப்போட்டால் என்ன? தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டர் கைபேசியைவிட மலிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு ஆராய்ச்சி நிதி கேட்டால் 'புதுமை இல்லை' என்று விண்ணப்பம் திரும்பி வரும், நானே ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.

திருப்பூர் வாசகர் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "என் மாமியார் சின்ன வயதில் குடித்தபோது இன்னும் இனிப்பாக இருந்ததாம். வயசாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறதா?" மாமியாரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறை ஒரு நடை மே மாதக் கடைசியிலும், இன்னொரு நடை மார்கழிப் பிறப்பிலும் போய் வாருங்கள். குடிக்க வேண்டாம், வாயில் விட்டுக் கொப்பளித்தால் போதும். எந்த மாதத்தில் எவ்வளவு கரித்தது என்று மாமியாரையே சொல்லச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.